மூன்றாவது தடவை கேட்பவள்

“நேத்து பசங்க தோத்துட்டு வந்தாங்களே, வீட்டுல முதல்ல சாப்பிட்டது யாரு?”

மரவள்ளித் தோலைச் சீவியபடி உனைசி கேட்கிறாள். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். “எல்லாருந்தான் சாப்பிட்டோம், போ.” அவள் தலையாட்டிவிட்டு மழையைப் பற்றியும் ஆற்றில் இறால் ஏறியதைப் பற்றியும் பேசுகிறாள். கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்கிறாள். மறுபடியும் சிரிப்பு. கிழங்கு அடுப்பில் ஏறி, பேச்சு எங்கெங்கோ போய்வந்த பிறகு, மூன்றாவது தடவை. இப்போது ஒருத்தி கத்தியைக் கீழே வைக்கிறாள். “என் மவன் சாப்பிடல. பந்த நழுவ விட்டது அவந்தானே. அவங்கப்பா தட்டத் தொடாம அவனையே பாத்துட்டிருந்தாரு.”

இதற்காகத்தான் உனைசி தலைநகர் சுவாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வேலை, விளையாட்டு மனிதர்களை என்ன செய்கிறது என்று ஆராய்வது. எங்கள் கிறிஸ்தவக் கோயிலின் கூரைத் தகடு ஒரு ரக்பிக் கோப்பையோடு கிடைத்த பணத்தில் வந்தது. பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகள் இன்னொன்றோடு வந்தன. அப்படியானால் முழங்கால் உடைந்து திரும்பும் பையனுக்கு ஊரில் எங்கே இடம் என்பது அவள் கேள்வி. “கெலிச்சவன எல்லாருக்கும் தெரியும் மச்சான். தோத்தவன் வீட்டு அடுப்படிய யாரு பாத்தா?” என்பாள்.

அவள் என்னை மச்சான் என்று கூப்பிடுவது முறைப்படி. என் தங்கை கெலேராவை அவள் அண்ணன் கட்டியிருக்கிறார். ஆகவே நானும் அவளும் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. “பந்தப் பத்திப் படிச்சு டாக்டர் ஆயிட்டியே, என் இடுப்பு வலிக்கு என்ன மருந்து?” என்று நான் கேட்பேன். “பெஞ்சுல உக்காந்து தூங்காம பிள்ளைங்களுக்குப் பாடம் எடுங்க, சரியாப் போயிடும்” என்பாள். நான் ஊர்ப் பள்ளி வாத்தியார். ஆட்டத்தன்று அணிக்குத் தண்ணீர் சுமப்பவனும் நான்தான்.

யங்கோனாவை அவள் குடிக்கும் அழகு தனி. அந்த வேர்க் கரைசல் நிறைந்த சிரட்டையை வாங்கியதும் விளக்கெண்ணெய் கொடுக்கப்பட்ட குழந்தை மாதிரி கண்ணை இறுக்கி மூடுவாள். ஒரே மடக்கில் குடித்து, உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து, “இன்னொண்ணு ஊத்துங்க” என்பாள். ஆட்டத்தின்போது கைதட்ட மாட்டாள், கத்த மாட்டாள். ஆய்வு செய்கிறவள் ஒரு பக்கம் சாயக் கூடாதாம். ஆனால் எங்கள் பையன்கள் கையில் பந்து வந்தால் அவள் கால்விரல்கள் மட்டும் மண்ணைப் பிறாண்டும். கூடவே காரப் பட்டாணிப் பொட்டலம் ஒன்று காலியாகும்.

போன ஆண்டு மாகாணப் போட்டிக்கு முந்திய வாரம் அவள் முகம் சரியில்லை. நான் சீண்டினேன், பதில் சீண்டல் வரவில்லை. “என்ன உனைசி, காதலா?” என்றேன். “மச்சான், ஒருத்தர்கிட்ட வாக்குக் கொடுத்தா அத எங்க வெச்சுக்கிறது?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

போட்டி நாள் காலையில் எங்கள் அணி மைதானத்து ஓரக் கொட்டகையில் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக் கிளப் ஒன்றின் ஆள் எங்கள் இசிகெலியைப் பார்க்கவே வந்து வெளியே குடைக்கடியில் உட்கார்ந்திருந்தார். இசிகெலி கெலேராவின் மகன், எனக்கு மருமகன். ஓரத்தில் பந்தோடு புறப்பட்டானென்றால் பிடிக்க ஆளில்லை. அவன் அப்பா அமைதிப் படையில் பாலைவனத்தில் காவல் நிற்கிறார். மகன் ஒப்பந்தம் வாங்கிவிட்டால் அவர் வீடு திரும்பலாம் என்று கெலேரா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

உனைசி உள்ளே வந்தாள். கையில் செய்தித்தாளில் சுற்றி நாடா கட்டிய யங்கோனா வேர்க்கட்டு. இசிகெலி பெஞ்சில் இருந்தான். அவள் அவன் காலடியில், வெறும் மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்து கட்டை அவன் முன்னால் வைத்தாள்.

பையன்கள் சிரித்தார்கள். “பொண்ணு கேட்டு வந்திருக்காங்கடா அத்தை!”

“இசிகெலி” என்றாள். சிரிப்பு நின்றது. மன்னிப்புக் கேட்க வருகிறவர்களின் குரல் அது, தலைவர்கள் முன்னால் பேசுகிற குரல். அத்தை, அதுவும் அப்பாவின் தங்கை, பெற்ற பிள்ளை மாதிரி வளர்ந்தவன் முன்னால் அப்படிக் குனிந்து யாரும் பார்த்ததில்லை. “உனக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். அது எனக்குத் தாங்கல. நீயே அத திருப்பி எடுத்துக்கோப்பா. நீ எடுக்கிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.”

முறையாக வைத்த வேரைத் தொடாமல் விடுவது எங்களிடம் பெரிய அவமதிப்பு. இசிகெலி பூட்ஸ் நாடாவை இழுத்து முடிந்தான். வெளியே ஒலிபெருக்கி எங்கள் ஊர்ப் பெயரைக் கூப்பிட்டது. அவன் குனிந்து கட்டைத் தொட்டான்.

“எடுத்துக்கிட்டேன் அத்தை. ஆனா நீங்க சொல்லாதீங்க. நானே சொல்றேன்.” பயிற்சியாளர் மனசாவின் பக்கம் திரும்பினான். “கோச், போன ஆட்டத்துல தலையில அடிபட்டதுல இருந்து எனக்குச் சரியில்ல. வெளிச்சம் பட்டா குத்துது. கோயில்ல பாடும்போது வார்த்தை மறந்து போகுது.”

“இப்பச் சொல்றியே, பாவி!” என்று கத்திய மனசா, மறுகணம் அவன் தலையை இரு கையாலும் பிடித்துக்கொண்டார், கண்ணாடிப் பாத்திரத்தைப் பிடிப்பதுபோல. “உக்காரு. ஆடாம உக்காரு.”

அன்று கால் இறுதியில் தோற்றோம். குடைக்கடியில் இருந்தவர் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார்.

சுவா ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். மூளை மேல் மெல்லிய ரத்தக் கசிவு. தானாக ஆறுகிறதா என்று பார்க்க வேண்டும், ஆறாவிட்டால் அறுவை. கெலேரா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். படுத்தாளே தவிர, கண் மூடவில்லை. உனைசி தினமும் சூப் கொண்டுவந்தாள். கெலேரா அதை வாங்கி மகனுக்கு ஊட்டினாள், கொண்டுவந்தவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஒருநாள் வராந்தாவில் வெடித்தாள். “என் வயித்துல பொறந்தவன் உங்கிட்டச் சொல்லியிருக்கான், எங்கிட்டச் சொல்லல. நீயும் தெரிஞ்சுக்கிட்டே என் வீட்டுல உக்காந்து கிழங்கு தின்னே! அதுக்குள்ள செத்துப் போயிருந்தான்னா? அதையும் எழுதியிருப்பியா?”

 கெலேரா உள்ளே போன பிறகு உனைசி என்னிடம் சொன்னாள். “மூணாவது தடவை கேட்டப்பதான் சொன்னான், மச்சான். சொல்றதுக்கு முன்னால வாக்கு வாங்கிட்டான். வாக்க உடைச்சா இனி எந்தப் பையனும் வாயத் திறக்க மாட்டான்னு பயந்தேன். பயந்துக்கிட்டே நாலு நாள ஓட்டிட்டேன். மதினி கேட்டது நியாயம்.” மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அவன் சொன்னத ஆய்வுலருந்து எடுத்துட்டேன். அது என் வீட்டு விஷயம்” என்றாள்.

இரண்டாவது படம் எடுத்த அன்று டாக்டர், இளம்பெண், சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். “கசிவு வத்திடுச்சு. கூட்டிட்டுப் போங்க. ஒரு வருஷத்துக்குப் பந்தக் கண்ணால மட்டும் பாக்கட்டும். அதுக்கப்புறம் ஆடலாமான்னு நாம பேசுவோம்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அன்னைக்கு இறங்கி ஆடி, மேல ஒரு இடி பட்டிருந்தா நான் இப்பச் சிரிச்சிட்டு நிக்க மாட்டேன்” என்றாள்.

கெலேரா சுவரைப் பிடித்துக்கொண்டாள். இசிகெலி, “அம்மா, பசிக்குது” என்றான். வாசலில் ரொட்டிப் பொட்டலம் விற்றவரிடம் நான்கு வாங்கினோம். உருளைக்கிழங்குக் கறி கை வழியாக ஒழுக, நின்றபடியே தின்றோம். அவ்வளவு ருசியாக நான் எதையும் தின்றதில்லை.

ஊருக்குத் திரும்பும் நவுசோரி பஸ்ஸில் கூட்டம். இசிகெலிக்கு முன்னால் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பின்னால் மிச்சமிருந்த ஒரே இருக்கையில் கெலேராவும் உனைசியும் சேர்ந்துதான் உட்கார வேண்டியிருந்தது. கெலேரா முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். பாட்டு அலற, பஸ் குலுங்க, கொஞ்ச தூரத்திலேயே அவள் தலை சரிந்தது. ஜன்னல் கம்பியில் இரண்டு தடவை இடித்து, பிறகு இந்தப் பக்கம் சாய்ந்து, உனைசியின் தோளில் விழுந்தது. இத்தனை நாள் தூக்கமும் ஒன்றாக வந்து, வாய் திறந்து குறட்டை விட்டாள்.

சுவாவின் புறநகர் நம்புவா வந்தது. உனைசி இறங்க வேண்டிய இடம். அவள் வீட்டு வேலிகூட ரோட்டிலிருந்து தெரியும். நான் மணிக்கயிற்றை எட்டிப் பிடித்தேன்.

உனைசி தோளை அசைக்காமல் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். அந்த வேலி பின்னால் போவதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.