என் தாத்தா பிரான்ஸில் தியாகியான கதை

நாம் அந்த ஊரை நெருங்குமுன்பே சீஸ் வாசனை நாலு கிலோமீட்டர் எதிரே நடந்து வந்து நம் பெட்டியை வாங்கிக்கொள்ளும்...

பிரான்ஸில் ஒரு குட்டி கிராமம். முந்நூறு மனிதர்கள், மூன்று லட்சம் மாடுகள். அங்கே சீஸ் ஆலையில் மெஷின் மாட்ட, இருபத்தாறு வயதில் கம்பெனி என்னை அனுப்பியது.

தேவாலய வாசலில் ஒரு கல். போரில் செத்த ஊர்க்காரர்களின் பெயர்கள். மாடு மேய்த்தவர், ரொட்டி சுட்டவர் எல்லோரும் உண்டு. நவம்பரில் ஒருநாள் மேயர் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். "நாட்டுக்காக உயிர் விட்டார்" என்று பள்ளிப் பிள்ளைகள் பதில் சொல்லும்.

எனக்குப் பொறுக்குமா? மேயரிடம் அளந்தேன். நன்னிலம் பக்கம் எங்கள் ஊரில் வைக்கோல் போர் போட்டால் விமானம் சுற்றிக்கொண்டு போகும்... ஆறு உடைப்பெடுத்தபோது எங்கள் பண்ணையாள் ஒருவர் முதுகைக் கொடுத்தே காவிரியை நிறுத்தினார்...

பண்ணையாள் கதையில் முதுகு மட்டும்தான் நான் சேர்த்த சரக்கு. வைக்கோல் கட்டோடு உடைப்பில் குதித்தார். கரை நின்றது. அவர் திரும்பவில்லை. அது நிஜம்.

மேயர் தொப்பியைக் கழற்றினார். நோட்டை எடுத்தார். "அவர் பேர் சொல்லுங்க. இந்த வருஷம் அதையும் வாசிக்கிறேன்."

எனக்குத் தெரியாது.

ஊருக்கு போன் போட்டேன்.

"உடைப்புல போனவனா? நம்ம பண்ணையாளுடா," என்றார் அப்பா.

"பேருப்பா?"

"பேரா... ஏய்னா வந்து நிப்பான். அது உனக்கு எதுக்குடா இப்ப? சாப்பிட்டியா?"

தெரியாது என்று சொல்ல வெட்கம். என் தாத்தா பெயரைக் கொடுத்துவிட்டேன். உடைப்பன்று மாடியில் குடை பிடித்து வேடிக்கை பார்த்த மகான்!

நவம்பர் குளிரில் மேயர் திக்கித் திணறி அதை வாசித்தார். "ஊருக்காக உயிர் விட்டார்" என்றன பிள்ளைகள். முந்நூறு தலைகள் குனிந்தன. என் தலை பாதாளம் வரை போனது.

போன மாதம் ஊருக்குப் போனேன். உடைப்பில் போன பண்ணையாளின் பேரன் டிராக்டர் கழுவிக்கொண்டிருந்தார். அவர் தாத்தா பெயரைக் கேட்டேன்.

"காளியப்பன் சார். இதைக் கேக்க இத்தனை வருஷமா? உங்க வீட்டுலேர்ந்து கூப்பிடு தூரந்தானே நாங்க."

அங்கே இன்றும் வருஷாவருஷம் என் தாத்தாவைத்தான் வாசிக்கிறார்கள். மேயரின் மகள் வீடியோ அனுப்புகிறார். இங்கே அந்தக் கரைக்கு சிமென்ட் பூசி, பூசச் சொன்னவர்களின் பெயரை ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறார்கள்.

பெயரைத் திருத்தச் சொல்லி மேயர் மகளுக்கு எழுத உட்கார்ந்தேன். ஊரையே வாயால் அளந்தவன்... மூன்று வாரமாக "மன்னிக்கவும்" என்பதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை.