இரண்டு விரல் தாழ்வு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் டீ குடிக்க மகன் வண்டியை நிறுத்தினான். மேடு, பள்ளம், சேறு எதிலும் போகும் என்று சொல்லி வாங்கிய வண்டி. அதுவரை பதினேழு வேகத்தடைகள் எண்ணியிருந்தேன். ஒவ்வொன்றிலும் பின்பக்கம் வலதுபுறமாக ஓர் அமுங்கு அமுங்கியது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறங்கிப் போய் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை நுழைத்து அளந்தேன். இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் இரண்டு விரல் தாழ்வு.

"அப்பா, டீக்கடையில எல்லாரும் பாக்கறாங்க."

பார்க்கட்டும். கையில் ஒட்டிய சூடான ரப்பர் வாசனையோடு மீன் வாடையும் வந்தது. வண்டியில் மீன் ஏது? அது எங்கள் பழைய ஜீப்பின் வாடை.

கல்யாணமான புதிதில் செம்மங்குப்பத்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் பரங்கிப்பேட்டையில் மாமனாரின் ஜீப்பை ஓட்டினேன். மணலில் இறங்கி மீன்பெட்டிகளை ஏற்றிச் சிதம்பரம் மார்க்கெட்டில் சேர்க்க வேண்டும். படித்த மாப்பிள்ளை அல்லவா, இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்து என்று எண்ணித்தான் அடுக்குவேன். அப்படியும் மணலில் பின்பக்கம் வாத்து மாதிரி ஆடும். வளைவில் வலதுபுறம் சாயும். ஒருநாள் சாய்ந்ததில் ஒரு பெட்டி இறால் ரோட்டில் கொட்டிவிட்டது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாவலன்னா வண்டிய வித்துடுவேன். நீங்க பழையபடி கம்பெனிக்கே போங்க மாப்ள" என்றார் மாமனார்.

ஷாக் அப்சார்பர் மாற்றினோம். ஆட்டம் குறைந்தது, சாய்வு குறையவில்லை. ரப்பர் புஷ் மாற்றினோம். டயர்களை இடம் மாற்றிப் போட்டோம். கடைசியில் மெக்கானிக் பாய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, எடையைத் தாங்கும் வலப்பக்கக் கமான் பட்டை வளைவு போய் உட்கார்ந்துவிட்டது என்றார்.

"புதுசு போடறேன். அதுவும் உக்காந்துடும். ஏன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க, பெரியவரு எனக்கு வேண்டியவரு."

நானும் மச்சானும் பார்த்துக்கொண்டோம். மாமனார் நூறு கிலோவுக்குக் குறையாத ஆள். வலப்பக்கம்தான் ராசி என்று தினமும் வலச் சக்கரத்துக்கு மேலே உள்ள சீட்டில்தான் உட்காருவார். பெட்டிகளை எண்ணிய நான் அவரை எண்ணவில்லை.

"நீ சொல்லு மச்சான், உங்கப்பாதான."

"எனக்கு அடி விழும் மாமா. மாப்ளைய அடிக்க மாட்டாரு, நீங்களே சொல்லுங்க."

ஞாயிறு காலை, புதுப் பட்டை போட்ட ஜீப் மேற்கே பார்த்து நின்றது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மாமா, இன்னிலேர்ந்து இடப்பக்கம் உக்காருங்க. காத்து நல்லா வரும்."

கடல் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து வரும் காற்றுக்கு இடம் வலம் ஏது? மச்சான் சிரிப்பை மறைக்க டயரைக் குனிந்து பார்த்தான். காற்றை நம்பியே படகு விட்ட மனிதர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புதுப் பட்டையையும் பார்த்தார்.

"காத்து எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியும் மாப்ள" என்று சொல்லிவிட்டு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். அடுத்த வாரம் அவரே வலப்பக்கம் மாறினார். அதன் பிறகு வாரம் ஒரு பக்கம். ஜீப் நேராக ஓடியது. நான் கம்பெனிக்குத் திரும்பவில்லை.

அந்த ஜீப் காயலான் கடைக்குப் போனது. மணல் தடம் சிமெண்ட் ரோடாகிவிட்டது. மாமனார் போய், போன வருஷம் மச்சானும் போய்விட்டான்.

டீ முடிந்து, வழக்கம்போல மகனுக்குப் பின்னால், வலப்பக்கச் சீட்டில் ஏறப் போனேன். அங்கிருந்தால்தான் அவன் காதோரம் குறை சொல்ல வசதி. அவன் சுற்றிவந்து இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தான்.

"அப்பா, இந்தப் பக்கம் உக்காருங்க. காத்து நல்லா வரும்."

ஏசி வண்டி. நான்கு கண்ணாடிகளையும் ஏற்றியிருந்தான். மச்சான் சும்மா போகவில்லை, ஜீப் கதையை இவனிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான்.

ஏறி உட்கார்ந்தேன். என் எடை எண்பத்தெட்டுதான். மாமனார் அளவுக்கு இல்லை என்று எனக்காகச் சாட்சி சொல்ல ஒருவரும் மிச்சமில்லை.