துபாயில் பதினோரு மணி நேரம்

சைப்ரஸில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஏழு வருசம் கிடந்த விஜயலெட்சுமி, இலங்கைக்கு ஊர் திரும்பும் டிக்கெட்டுக்காகப் பதுளை டவுன் ஏஜென்சிக்காரர் ஸஹாப்தீனைப் போனில் பாடாய்ப் படுத்தினாள். அந்த மனுசன் நல்லதுக்குத்தான் சொன்னார், துபாயில் ரெண்டே மணி நேரத்தில் அடுத்த விமானம் ஏறிவிடலாம் என்று. இவளோ பதினோரு மணி நேரம் வேண்டும், வெளியே போக விசாவும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஊர் சுற்றவா என்று கேட்டார். ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வரணும் என்றாள். அப்படியென்றால் ரெண்டு டிக்கெட்டா என்றார். பக்கத்து சீட் காலியாக இருந்தால் போதும் என்றாள்.

கூட்டி வரவேண்டியவள் அவள் தங்கை ஜெயலெட்சுமி. துபாயில் வீட்டு வேலைக்குப் போய், அங்கேயே நெஞ்சடைத்துச் செத்து இரண்டு வருசம். சவப்பெட்டி வந்தது, தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் புதைத்தும் ஆயிற்று. ஆனால் அம்மா ரெங்கம்மா அன்றே சொல்லிவிட்டாள், உடம்புதான் வந்திருக்கு, அவ வரலை என்று. அவர்கள் குடும்பத்தில் வெளியிடத்தில் சாகிறவர்களை அந்த இடத்துக்கே போய்க் கூப்பிட்டு வருவார்கள். ஹல்துமுல்லை ரோட்டில் லாரி அடித்துப்போன சித்தப்பாவை அப்பா அப்படித்தான் கொண்டுவந்தார். பஸ்ஸில் ரெண்டு டிக்கெட், பக்கத்து சீட்டில் துண்டு, வளைவுக்கு வளைவு 'பார்த்து வா' என்று பேச்சு. கண்டக்டர் சிரித்தால் சிரிக்கட்டும். திரும்பிப் பார்க்க மட்டும் கூடாது.

ஜெயலெட்சுமியின் மகள் தர்மிளாவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் காதைச் சாய்த்துக்கொண்டு உட்காருவாள். அம்மா வழி கேக்குறாங்க என்பாள். தொண்டையில் சோறு இறங்காது. பிள்ளை ஈர்க்குச்சியாய்ப் போய்விட்டாள். இதைப் போனில் கேட்டுத்தான் விஜயலெட்சுமி டிக்கெட்டுக்கு அலைந்தாள். தாய் வீடு வந்து சேர்ந்தால்தான் பிள்ளை பிழைக்கும்.

ஒரு வாரம் போனில் மேப்பைப் பார்த்துப் பார்த்துத் திட்டம் போட்டாள். எந்த ரயில், எந்த வாசல், வழி தப்பினால் அதற்கு அரை மணி. எல்லாம் போட்டபடியே நடந்தது. தங்கை வேலை செய்து செத்துப்போன கட்டடத்துக்கு நடுப்பகலில் போய் நின்றாள். முப்பது வீடு உள்ள மாடிக்கட்டடம். வீட்டுக்கு ஒரு வேலைக்காரப் பெண்ணாவது இருப்பாள். பின்வாசலில் குப்பைத்தொட்டி ஓரமாய் நின்றதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் அவர்கள் வீட்டில் ஏது? வாய்க்கு வந்தபடி, "தங்கச்சி, வா, வீட்டுக்குப் போவோம்" என்று மூன்று தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரம், அந்தக் கொதிக்கிற வெயிலில், பிடரியில் சில்லென்று ஒரு மூச்சு பட்டது. அவளுக்குப் பயமே வரவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடக்கத் தொடங்கினாள்.

ரயில் வருது ஏறிக்க, படி இருக்கு பார்த்துக்க என்று பேசிக்கொண்டே வந்தாள். விமானத்தில் பக்கத்து சீட் காலி. ஆனாலும் சாப்பாடு கொடுத்த பெண் கேட்காமலே ரெண்டு தட்டு வைத்துவிட்டுப் போனாள். பதுளை பஸ்ஸில் ஒரு அம்மா உட்கார வந்து, ஆள் இருக்கா, மன்னிச்சுக்குங்க என்று நகர்ந்துபோனார். ஒன்றுதான் உறுத்தியது. ஜெயலெட்சுமி வாயாடி, கூட வந்தவளோ வழியெல்லாம் ஊமையாய் வந்தாள். பயணக் களைப்பாக்கும் என்று விஜயலெட்சுமி தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

லயத்து வாசலில் தர்மிளா உட்கார்ந்திருந்தாள். பெரியம்மாவைப் பார்த்து ஓடிவந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். பார்வை பெரியம்மாவின் தோளுக்குப் பின்னால் போனது.

"இவங்க யாரு பெரியம்மா?"

"ஒங்கம்மாடி."

"இல்ல. அம்மா இன்னும் வழி கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க."

விஜயலெட்சுமி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கட்டடத்தில் செத்தவள் இவள் தங்கை ஒருத்திதானா? யார் வீட்டுத் தங்கச்சியோ, கூப்பிட்ட குரலுக்கு வந்துவிட்டாள்.

ரெங்கம்மா உள்ளேயிருந்து வந்தாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் ஊற்றினாள். "யாரு பெத்த புள்ளையோ, தெருவுல நிக்காத, உள்ள வாம்மா. ஒம் பேரு என்ன?"

தர்மிளா காதைச் சாய்த்துக் கேட்டாள். "பேரு சொல்ல மாட்டேங்கிறாங்க ஆத்தா. தங்கச்சின்னே கூப்பிடச் சொல்றாங்க" என்றவள், மறுபடி ரோட்டைப் பார்த்துப் போய் உட்கார்ந்தாள்.