‘கழுத்துப் புற்றுநோய்’ ஊசி போட்ட கதை

1. பி.எச்.ஐ. ஐயாவின் வெட்கம்

“உங்கட மகளுக்கு இந்த ஊசியைப் போட்டிட்டியளோ, அக்கா?”

துணுக்காய்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் மண்டபத்தில், ஆறாம் ஆண்டு மாணவிகளின் தாய்மாருக்கு முன்னால் நான் வெண்கட்டியும் கையுமாக நின்றபோது வந்த கேள்வி இது. கேட்டவர் புஸ்பராணி. வயல் செய்கிறவர், பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையையும் நடத்துகிறவர். அவர் ஓம் என்றால் மற்றத் தாய்மாரும் ஓம் என்பார்கள். அவர் இல்லை என்றால் அதற்குப் பிறகு அதிபரும் ஒன்றும் செய்ய முடியாது.

நான் குடும்பநல உத்தியோகத்தர். சனம் எங்களை மிட்வைப் என்றுதான் கூப்பிடும். கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதும், குழந்தைகளை நிறுப்பதும், தடுப்பூசி போடுவதும் எங்கள் வேலை. அந்தப் பாடசாலையில் இருந்த அரைவாசிப் பிள்ளைகளை நான் தொப்புள்கொடி காயாத காலத்திலிருந்தே அறிவேன். அப்படிப்பட்ட என்னிடம் இப்படி ஒரு கேள்வி ஏன் வந்தது என்று சொல்வதானால், எங்கள் பி.எச்.ஐ. ஐயாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

பி.எச்.ஐ. என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். கடை, கிணறு, மலசலகூடம், டெங்கு நுளம்பு எல்லாம் அவருடைய பொறுப்பு. ஈ மொய்த்த வடையை வைத்திருக்கும் கடைக்காரர் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே தட்டை மூடிவிடுவார். ஆனால் பத்துப் பெண்களை ஒன்றாகக் கண்டால் அந்த மனிதருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

முதல் கூட்டத்தன்று எனக்குக் கிளினிக் இருந்ததால் அவர் தனியாகப் போனார். ஊசியின் பெயர் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி. மனிதர் முதல் சொல்லை விழுங்கிவிட்டார். “இது கழுத்துப் புற்றுநோய் வராமல் போடுற ஊசி” என்று சொல்லி, தன் கழுத்தையும் தடவிக் காட்டியிருக்கிறார்.

ஒரு தாய் எழும்பி, “அப்ப பெடியளுக்கு ஏன் இல்லை ஐயா? அவங்களுக்குக் கழுத்து இல்லையோ?” என்று கேட்டாராம்.

“அவங்களுக்குப் பிறகு யோசிப்பினம்” என்று சொல்லிவிட்டு, வைத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் ஐயா புறப்பட்டுவிட்டார். தாய்மார் சந்தோஷமாகச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கழுத்துக்கு நல்லது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

கொஞ்ச நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. யாரென்று தெரியாத ஓர் ஆண், நடுவில் ஒரு இருமலும் இருமி, இது உண்மையில் கர்ப்பப்பைக்குப் போடுகிற ஊசி, போட்ட பிள்ளைக்குப் பிறகு பிள்ளை பிறக்காது, எங்கள் சனத்தைக் குறைக்கத்தான் இதைக் கொண்டு வருகிறார்கள் என்று அடித்துச் சொன்னார்.

இதைக் கேட்டுச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பக்கத்துச் சனம் யுத்தத்தில் எவ்வளவோ இழந்த சனம். பிள்ளை பிறக்காது என்ற சொல் இங்கே எந்த வீட்டையும் நித்திரை கொள்ள விடாது. அதோடு, கழுத்து என்று சொன்ன இடத்தில் கர்ப்பப்பை வந்து நிற்கிறது. தாய்மார் எல்லோரும் சேர்ந்து பாடசாலைக்குப் போய், கொடுத்த சம்மதத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அதிபர் எங்கள் டொக்டருக்குப் போன் எடுத்தார். டொக்டர் என்னைக் கூப்பிட்டார்.

“நீங்கள் போய்க் கதையுங்கோ அக்கா. இந்த முறை முழுப் பெயரையும் சொல்லுங்கோ.”

2. கரும்பலகையும் கேள்வியும்

சொன்னேன். கரும்பலகையில் கருப்பையைக் கீறி, அதன் கழுத்து எது என்று காட்டினேன். அந்த இடத்தில் ஒரு கிருமி வந்து தங்கினால் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு புற்றுநோயாகலாம், கிருமி வருவதற்கு முதலே போட்டால்தான் ஊசி நன்றாக வேலை செய்யும், பிள்ளைப்பேற்றுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஊசி கையில்தான் போடுவது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

“பிள்ளை இன்னும் சாமத்தியப்படவே இல்லை. அதுக்குள்ள கர்ப்பப்பைக்கு ஊசியோ?” என்று ஒருவர் கேட்டார். பிள்ளை வயதுக்கு வருவதற்கு முதல் போட்டாலும் பிழையில்லை என்று அதற்கும் பதில் சொன்னேன். தலைகள் கொஞ்சம் ஆடத் தொடங்கின. அந்த நேரத்தில்தான் புஸ்பராணி என் மகளைப் பற்றிக் கேட்டார்.

என் மகள் அபிஷாவும் அப்போது ஆறாம் ஆண்டு. நெளுக்குளத்தில் எங்கள் வீடு. அவள் படித்தது வவுனியாவில். நான் கிழமை நாட்களில் துணுக்காய் குவாட்டர்ஸில் தங்கி, வெள்ளி பின்னேரம் பஸ்ஸில் வீட்டுக்குப் போவேன். அவளுடைய பாடசாலையில் ஊசி போட்ட அன்று வயிற்றுக்குத்து என்று அவள் வீட்டில் நின்றுவிட்டாள்.

“இன்னும் இல்லை” என்றேன்.

மண்டபம் இரைந்தது. பின்வரிசையில் ஒரு கதிரை விழுந்தது.

“அப்ப உங்கட பிள்ளைக்கு இல்லை, எங்கட பிள்ளையளுக்கு மட்டுமோ?” புஸ்பராணி இடுப்பில் கை வைத்தார்.

“போடாமல் விடேல்லை. அண்டைக்கு அவளுக்குச் சுகமில்லை. இஞ்ச கூட்டிக்கொண்டு வாறன். உங்களுக்கு முன்னாலேயே போடுறன்.”

“உங்கட கையாலயோ?”

“என்ர கையால.”

புஸ்பராணி இடுப்பிலிருந்து கையை எடுத்தார். டொக்டரிடம் அனுமதி கேட்டபோது அவர் சிரித்தார். “விடுபட்ட பிள்ளைதானே, தகப்பனும் ஓம் எண்டால் இஞ்ச போடலாம். வவுனியாவுக்கு நான் அறிவிக்கிறன்” என்றார். வேலை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

3. குசினிக்குள் ஒரு கூட்டம்

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனபோது என் கணவர் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். அவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை. குளக்கட்டு, வான்கதவு, வாய்க்கால் என்றே வாழ்கிற மனிதர். விஷயத்தைச் சொன்னேன்.

“வயித்துக்குத்து எண்டு அவள் பயத்தில சொன்னது” என்றார். “எனக்குத் தெரியும். நான்தான் நிக்கச் சொன்னனான்.”

“ஏன்?”

அவர் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்து ஒன்றை அமத்தினார். துணுக்காயில் கேட்ட அதே குரல். அதே இருமல். லண்டனில் இருக்கிற அவருடைய அக்கா எங்கள் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார். அந்த இருமல் மனிதர் எனக்கு முன்னமே என் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

“நான் என்ன வேலை செய்யிறன் எண்டு தெரியும்தானே? என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லையே.”

“கேட்டால் நீர் லெக்சர் அடிப்பீர்.” நீத்துப்பெட்டியில் அவிந்த புட்டைத் தட்டில் கொட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “இந்தப் பதிவை விடும். அந்தக் கிருமி ஆண் பெண் தொடர்பால வாறதாமே? பதினொரு வயசுப் பிள்ளைக்கு இப்பவே இதெல்லாம் ஏன் எண்டுதான்...”

உண்மையான காரணம் அப்போதுதான் வெளியே வந்தது.

“அவள் ஒரு காலத்தில கலியாணம் கட்டமாட்டாளோ?”

“அதுக்கு இன்னும் எவ்வளவு காலம் கிடக்கு!”

“நீங்கள் குளக்கட்டை மழைக்கு முதலோ திருத்துறனீங்கள், உடைஞ்ச பிறகோ?”

“என்ர வேலையை ஏன் இதுக்குள்ள இழுக்கிறீர்?” என்றார். ஆனால் முகம் கொஞ்சம் இளகியது.

அப்போது நான் அவருக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னேன். என் பகுதியில் இருந்தவர், என்னுடைய வயது, மூன்று பிள்ளைகள். மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் இரத்தம் பட்டிருக்கிறது. வெட்கத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. கடைசிப் பிள்ளையை நிறுக்கப் போன அன்று அவருடைய முகம் வெளிறிக் கிடந்ததைப் பார்த்துத்தான் நான் விசாரித்தேன். ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிந்திவிட்டது என்றார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். அவருடைய மூத்த பெண்ணுக்குத் தலை இழுத்துவிட ஆளில்லாமல், தகப்பன் கோணல்மாணலாகப் பின்னி விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

என் கணவர் அடுப்பை அணைத்தார். “இதை ஏன் நீர் எனக்கு முதல் சொல்லேல்லை?”

“வீட்டுக்கு வந்தும் வேலைக் கதையோ எண்டு நீங்கள்தானே சொல்லுவியள்.”

“எனக்கு ஓம். அவளையும் கேளும்” என்றார்.

கதவுக்குப் பின்னால் அபிஷா. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. நான் அவளை இருத்தி, மண்டபத்தில் சொன்னதை அவளுடைய வயதுக்கு ஏற்ற மாதிரிச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். புற்றுநோயைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை. ஊசி எவ்வளவு நீளம் என்பதுதான் கேள்வி.

“நான் கத்துவன்.”

“கத்து.”

“பெரிசாக் கத்துவன், அம்மா. எல்லாருக்கும் முன்னால.”

“சரி.”

“நீங்கள் பிறகு ஏசக் கூடாது.”

ஒப்புக்கொண்டேன். சொன்னது சொன்னபடி நடப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

4. கத்து

துணுக்காய்ப் பாடசாலையில் ஊசி போடும் நாளன்று ஆறாம் ஆண்டு வகுப்பறையின் ஒவ்வொரு யன்னலிலும் தாய்மார் நின்றார்கள். ஊசிமருந்து குளிர்ப்பெட்டியில் மேசைக்கு மேல். டொக்டர் பக்கத்தில். பெண் பிள்ளைகள் வரிசையில். பெடியன்களை விலக்கி வைக்கும் பொறுப்பை பி.எச்.ஐ. ஐயா தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்.

அபிஷா வந்து கதிரையில் இருந்தாள். அழகாகக் கையை நீட்டினாள். நான் ஊசியை எடுத்ததும் தொடங்கினாள்.

“ஐயோ அம்மா! கொல்லாதேங்கோ! ஐயோ அப்பா, அம்மா என்னைக் கொல்லுறா!”

பக்கத்து வகுப்பில் பாடம் நின்றது. மரத்திலிருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. டொக்டர் அவளைப் பிடித்துக்கொள்ள, நான் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டு முடித்தேன். ஊசி வெளியே வந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை.

வரிசையில் ஒரு பிள்ளை விசும்பியது. இன்னொன்று பின்னால் நழுவியது. யன்னலில் ஒரு தாய், “வா பிள்ளை, வீட்ட போவம்” என்று கையைக் காட்டினார். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் பஞ்சைப் பார்த்தேன். இந்தப் பாடசாலை கை விட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

“உதுக்கோ இந்தக் கத்து?”

வரிசையின் முன்னால் நின்ற தர்சிகா, புஸ்பராணியின் மகள். “வவுனியாப் பிள்ளையள் எல்லாம் உப்பிடித்தானோ?”

அபிஷாவின் அழுகை சட்டென்று நின்றது. “நீ போட்டுப் பார்! நீயும் கத்துவாய்!”

“நான் கத்தமாட்டன்.”

“கத்துவாய்!”

தர்சிகா கதிரையில் ஏறி இருந்து சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள். யன்னலிலிருந்து புஸ்பராணி, “எழும்படி அங்காலை!” என்று குரல் கொடுத்தார்.

“பொறுங்கோ அம்மா, இவவுக்கு ஒருக்காக் காட்டோணும்.”

நான் ஊசியைத் தொடவில்லை. “தர்சிகா, அம்மா ஓம் எண்டாத்தான்” என்றேன்.

புஸ்பராணி உள்ளே வந்தார். நேராக அபிஷாவிடம் போய், பஞ்சை விலக்கி அவளுடைய கையைப் பார்த்தார். “பிள்ளை, அம்மா உன்னைப் பேய்க்காட்டியோ கூட்டிக்கொண்டு வந்தவா?”

“இல்லை.” அபிஷா மூக்கை உறிஞ்சினாள். “எல்லாம் சொன்னவா. கர்ப்பப்பைக்கு ஒரு கழுத்து இருக்காம். அதில புற்றுநோய் வராமல்தான் இந்த ஊசி. நான் கத்துவன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்.”

யன்னல்களில் சிரிப்பு எழுந்தது. புஸ்பராணியும் சிரித்தார். பிறகு வேப்பமரப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்: “ஒரு சின்னப் பிள்ளை சொல்லுது, ஐயா! முதலே உப்பிடிச் சொல்லியிருந்தா நாங்கள் ஏன் இந்தப் பாடு படுறம்?”

ஐயா ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். மோட்டார் சைக்கிள் அங்கே தூரத்தில் நின்றது.

“போடுங்கோ அக்கா” என்றார் புஸ்பராணி.

தர்சிகா கத்தவில்லை. கண் இரண்டும் நிறைந்து, உதடு வெளிறிப்போய், “நோகேல்லை” என்றாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அது போட்டியாகிவிட்டது. வவுனியாப் பிள்ளையை விடத் தாங்கள் திறம் என்று காட்ட ஒவ்வொருத்தியும் சட்டைக் கையைச் சுருட்டினாள். நான் ஒவ்வொரு தாயின் முகத்தையும் பார்த்து, தலையாட்டிய பிறகுதான் போட்டேன். இரண்டு தாய்மார் தலையாட்டவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒருவர் பிறகு கிளினிக்குக்கு வந்தார். மற்றவர் வரவில்லை. அவருடைய வீட்டுக்கு நான் இன்றும் போய்வருகிறேன். தேத்தண்ணி தருவார். ஊசிக் கதை எடுத்தால் மட்டும் ஆட்டைக் கட்டப் போய்விடுவார்.

ஊசி போட்ட பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் இருத்தி வைப்பது வழக்கம். அந்த நேரத்தில் அபிஷாவும் தர்சிகாவும் ஒரே வாங்கில் இருந்து யாருடைய கை அதிகம் வீங்கியிருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார்கள்.

5. புதிதாக வருகிறவர்களுக்கு

இரண்டாவது ஊசி ஆறு மாதம் கழித்து. அதற்கு அபிஷா தானாகவே துணுக்காய்க்கு வருகிறேன் என்றாள். அப்போதும் கத்தினாள். அந்த முறை யாரும் கணக்கெடுக்கவில்லை. அடுத்த வருடம் வேறொரு பாடசாலையில் பி.எச்.ஐ. ஐயா ஊசியின் பெயரை ஒரு சொல்லும் விழுங்காமல் சொன்னார். சொல்லும்போது கூரையைப் பார்த்தார் என்றாலும் சொன்னார்.

இப்போது என்னோடு வேலை பழக வரும் பிள்ளைகள், தாய்மார் மறுத்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நான் சொல்வது இதுதான். முதலில் உங்கள் வீட்டுக் குசினியில் சொல்லிப் பாருங்கள். அங்கே எடுபடாதது மண்டபத்திலும் எடுபடாது. மறுக்கிறவரிடம் இன்னொரு முறை கேளுங்கள். முதலில் சொல்கிற காரணம் அநேகமாக யாரோ அனுப்பியதாக இருக்கும். அவருடைய சொந்தக் காரணம் பிறகுதான் வரும். கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, விசாரித்துக்கொண்டு வந்து சொல்லுங்கள்.

ஊசி போட ஒரு நொடி போதும். எங்களுக்குச் சம்பளம் தருவது அதற்கு முந்தின கதைக்குத்தான்.