ஏழு மணிக்குச் சாத்திய கதவு

ரிக்கற்றில் ஏழு மணி என்று தெளிவாகப் போட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆறு மணிக்கு ஆறுதலாகக் குளிக்கப் போனேன். முப்பது வருடமாக ரொறொன்ரோவில் எங்கள் ஆட்களின் விழாக்களுக்குப் போகிறேன். ஏழு என்று அச்சடித்தால் எட்டரைக்குத்தான் குத்துவிளக்கு ஏற்றுவார்கள். நேரத்துக்குப் போகிறவர் கதிரை அடுக்க வேண்டும். அப்படிப் பழகிய புத்தி.

மருந்தாளர் படிப்பை விட்டுவிட்டு ஒபரா பாடப் போனாள் என்று இரண்டு வருடம் மகளோடு முகம் கொடுத்துப் பேசாதவள் நான். போன கிழமை அவளாகவே யூனியன்வில் வீட்டுக்கு வந்தாள். அந்தக் காலத்துப் பகிடி நாடகம் ஒன்றை இந்தக் காலத்துக்கு மாற்றியிருக்கிறார்களாம். அரண்மனை இப்போது டவுன்ரவுன் கந்தோர். எசமானை ஏய்க்கும் வேலைக்காரி கிளீனர். அந்தக் கிளீனர் இவள். நானும் ஒபிஸ்களைக் கூட்டித் துடைக்கும் கிளீனர்தான்.

"அம்மா, உங்கட வேலைக் கோட்டைத் தாங்கோ. பாட முன்னம் உங்கட சீற்றைத்தான் பாப்பன். வருவீங்கள்தானே?"

"வராமல்?" என்றேன்.

ஏழு இருபதுக்கு நானும் கணவரும் போய்ச் சேர்ந்தோம். கதவு சாத்தியிருந்தது. இடைவேளைக்குத்தான் விடுவோம் என்றாள் வாசலில் நின்ற பெண். பாடுவது என் மகள் என்று மன்றாடினேன். பாவம், சொறி, சொறி என்று பத்துத் தரம் சொன்னாள். கதவைத் திறக்கவில்லை.

சுவரில் ஒரு சின்ன ரிவி. அதில் என் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வக்கூமை இழுத்துக்கொண்டு மகள் வந்தாள். உள்ளே சனம் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அவள் முன்னுக்கு வந்து ஒரு கணம் கீழே பார்த்தாள். எங்கே பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். பிறகு பாடினாள்; சிரித்த சனம் அடங்கிப்போனது. தலையில் அடித்துக்கொண்டேன்.

"சும்மா இரும், ஆக்கள் பாக்கினம். றோட்டில ரபிக் எண்டு சொல்லுவம்" என்றார் இவர்.

இடைவேளையில் ஓடினேன். என் சீற்றில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். மன்னிப்புக் கேட்டு எழுந்துபோனார். பிறகு அவளுக்குத் தனிப்பாட்டு இல்லை. கூட்டத்தோடு வந்து கூட்டத்தோடு போனாள்.

முடிந்ததும் வெளியே வந்து கோட்டை மடித்து என் கையில் தந்தாள்.

"நல்லாப் பாடினாய் பிள்ளை" என்றேன். எப்படித்தான் வாய் வந்ததோ.

"உங்கட சீற்றில ஒரு தாத்தா இருந்தார். அவரைப் பாத்துத்தான் பாடினன் அம்மா. அவர் அழுதவர்."