பதில் வராத தூக்கம்

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். முப்பது வருஷத்துக்கு மேலாகப் பயந்தாங்கொள்ளிகளுக்கே வைத்தியம் பார்க்கிறவர். வேறு டாக்டரின் கையில் ஊசியைப் பார்த்ததும் கழுத்தில் கட்டிய துண்டோடு தெருவுக்கு ஓடியவர்களெல்லாம் கடைசியில் இவரிடம்தான் வருவார்கள். கை நரம்பில் கொஞ்சம் மருந்து ஏற்றுவார். பாதித் தூக்கம் வரும். பல்லைப் பிடுங்கியதுகூட அவர்கள் நினைவில் நிற்காது. ஊரில் இவருக்குத் தாலாட்டு டாக்டர் என்று பெயர். இவர் பேச ஆரம்பித்தாலே எனக்குக் கண்ணைச் சொக்கும், மருந்து வேறு எதற்கு என்று கேட்பேன்.

ஆனால் வேலையில் படு கறார். நகப்பூச்சு கூடாது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள், பூச்சு இருந்தால் அது தப்பாகக் காட்டுமாம். வீட்டில் எந்தத் தூக்க மாத்திரையும் போட்டுக்கொண்டு வரக் கூடாது. மீறினால் முகத்தில் அடித்தாற்போல் பேசித் திருப்பி அனுப்பிவிடுவார். "கூப்பிட்டா பதில் வரணும். பதில் வராத தூக்கம் நமக்கு வேண்டாம்" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

போன மாதம் இவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், வந்தார். தம்பி பல் டாக்டராக இருந்தும் அந்த நாற்காலியில் ஒரு தடவைகூட உட்காராதவர். கடைவாய்ப் பல் படுத்திய பாட்டில்தான் வழிக்கு வந்தார். பத்து விரலிலும் பளபளவென்று சிவப்புப் பூச்சு. வேறு யாராவது என்றால் இவர் குதித்திருப்பார். அக்காவிடம் அந்த ஜம்பம் பலிக்குமா? கண்டும் காணாதது போல இருந்துவிட்டார்.

"மாத்திரை கீத்திரை ஏதாவது போட்டியாக்கா?"

"இல்லடா. நீ சீக்கிரம் ஆரம்பி."

வழக்கமாக நான் முன்னறையில் உட்கார்ந்து ஆட்களை உள்ளே அனுப்புகிறவள். அன்று அண்ணி என் கையை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டதால் நானும் உள்ளே இருந்தேன். இவர் மருந்தை ஏற்றிவிட்டு எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகும் கதையை ஆரம்பித்தார். அண்ணி இரண்டு தடவை "ம்" கொட்டினார். விரல் கிளிப்பின் கருவி கீச்சிட்டது.

"நகப்பூச்சு பண்ற வேலை. வேற விரல்ல மாட்டும்மா" என்றார் இவர்.

நர்ஸ் மாற்றினாள். மறுபடியும் கீச்சிட்டது. "அதுலயும் பூச்சுதானே!" என்று சிரித்தார். என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. அப்பாடா, பயம் போய்விட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன்.

"அக்கா, வாயை இன்னும் கொஞ்சம் திற."

பதில் இல்லை.

"அக்கா!"

உதடு நீலம் பாய்ந்திருந்தது. இவர் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஆனால் கைகள் மட்டும் வேலை செய்தன. நாற்காலியைப் படுக்கவைத்து, தாடையைத் தூக்கி, மூக்கின்மேல் முகமூடியை அழுத்திக் காற்றுப் பையைப் பிசைந்தார். நர்ஸ் தூக்கத்தை முறிக்கும் மாற்று மருந்துக் குப்பியை உடைத்து ஏற்றினாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார்கள், எனக்குப் போனைத் திறக்கவே வரவில்லை. ஒரு யுகம் போல இருந்தது. பிறகு அண்ணியிடமிருந்து ஒரு குறட்டை. அவர் போடும் குறட்டையை நான் எத்தனையோ நாள் கேலி செய்திருக்கிறேன்.

"முடிஞ்சுதாடா? ஒண்ணுமே தெரியலயே!" என்றார் கண் திறந்ததும். இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் மெதுவாகக் கேட்டேன்.

"ரெண்டு போட்டேன்" என்றார் அண்ணி. "அவன்கிட்ட சொன்னா வீட்டுக்குப் போன்னுடுவான். போயிட்டா மறுபடி எனக்குத் தைரியம் வருமா?"

மறுநாள் முதல் ஆளாக வந்தவர் லாரி டிரைவர், வெகு வருஷப் பழக்கம். இவர் முன்னறைக்கே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவு தணிந்து இவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"அண்ணே, சத்தியமா திட்ட மாட்டேன். இங்க வர்றப்ப மாத்திரை ஏதாவது போடுவீங்களா?"

டிரைவர் நெளிந்தார். "எப்பவும் ஒண்ணு போட்டுட்டுத்தான் சார் வருவேன். சொன்னா அனுப்பிடுவீங்களே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிர் பெஞ்சில் இருந்த பள்ளிக்கூட டீச்சர் எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தேவிட்டார்.

"அவர் மட்டுமா டாக்டர்? இங்க முக்காவாசிப் பேர் அப்படித்தான். மறந்து வந்தவங்களுக்குப் பக்கத்துல இருக்கறவங்க கொடுப்பாங்க. உங்க கோபத்துக்குப் பயந்து யாரும் வாயைத் திறக்கறதில்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "வாய் காயுதுன்னு கேட்டா ஒரு மடக்குத் தண்ணி தருவீங்களேம்மா, அதுலதான் முழுங்குவோம்."

நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.