உப்பு ஆபீஸில் ஹாஜா போட்ட பூட்டு

வாலிநோக்கத்தில் எங்கள் உப்புக் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் யாரும் ஆளைக் கூப்பிட மாட்டோம். ஒயரைப் பிடுங்குவோம், ஊதுவோம், எல்லாக் கம்ப்யூட்டரையும் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியில் பளிச்சென்று இருக்கும் வேறு ஓட்டையில் சொருகுவோம். உப்புக் காற்றில் வாரத்துக்கு ஒரு ஓட்டை துருப்பிடிக்கும், வேறென்ன செய்வது?

இந்தப் பழக்கத்துக்கு வேட்டு வைக்க 2009இல் வந்து சேர்ந்தான் கீழக்கரை ஹாஜா முகைதீன். துபாயில் எட்டு வருஷம் நெட்வொர்க் வேலை பார்த்தவன். லீவில் வந்தபோது நாலு வயது மகள் அவனைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாளாம். அதோடு திரும்பிப் போக மனசில்லை. இந்த வேலையும் போனால், ஏஜெண்டிடம் தயாராகக் கிடக்கும் விசாவில் மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான்.

எங்கள் உப்புப் பரிசோதனை விவரமெல்லாம் ஒரே டிஸ்க் பெட்டியில் இருந்தது. சர்வர் அதில் எழுதுவதும் எடுப்பதும், நாங்கள் மெயில் பார்க்கும் அதே ஸ்விட்ச் வழியாகத்தான். ஹாஜா கடைசி நாலு ஓட்டைகளை அந்தப் போக்குவரத்துக்கு மட்டும் பிரித்து வைத்தான். மற்ற ஓட்டைகளுக்கும் சேர்த்து, ஓட்டைக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று செட்டிங்கிலேயே பூட்டும் போட்டான். வேறு கம்ப்யூட்டரின் ஒயரைச் சொருகினால் ஓட்டை செத்துவிடும்.

ஒரே வாரத்தில் ஆபீஸே செத்தது. நான் மட்டும் மூன்று ஓட்டைகளைக் கொன்றேன். மேனேஜர் பூமிநாதன் சாமியாடிவிட்டார்.

"நம்ம ஆளுகளுக்கு எதுக்குப்பா பூட்டு? நாளைக்குள்ள எடுத்துரு. இல்லன்னா நீ கெளம்பு."

"எடுத்துர்றேன் சார்," என்றான் ஹாஜா, பரம சாதுவாக. அந்தப் பணிவைப் பார்த்தே நாங்கள் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் பூட்டு இல்லை. பத்து மணிக்கு மேனேஜரின் ஓட்டையில் துரு தன் வேலையைக் காட்டியது. அவரே எழுந்து போனார், பிடுங்கினார், ஊதினார், ஹாஜா பிரித்து வைத்த, துருவே இல்லாத கடைசி ஓட்டையில் சொருகினார். டிஸ்க் பெட்டியை மாட்டிய சென்னைக்காரர்கள் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதற்கு வழியைத் திறந்தே விட்டுப் போயிருந்தார்கள். கேட்பது யாரென்று பெட்டி பார்க்கவில்லை; டிஸ்க்கைத் தூக்கிக் கொடுத்தது. புது டிஸ்க் இருக்கிறது, சுத்தம் செய்யவா என்று திரை கேட்டது. எதைக் கேட்டாலும் சரி என்று அமுக்குவது அவர் குணம். அமுக்கினார்.

"சார்! எத அமுக்குனீங்க?" ஹாஜா தலையில் கைவைத்தான். "மூணு வருச உப்பு ரிப்போர்ட்டு அங்கனதான சார் இருந்துச்சு!"

மேனேஜருக்கு முகம் பாத்தி உப்பாக வெளுத்துவிட்டது. ஹாஜா ஒரு டீ குடிக்கிற நேரம் அவரை அப்படியே விட்டுவைத்தான்.

"பயப்படாதீங்க சார். நெச ரிப்போர்ட்டெல்லாம் நேத்தே ஒளிச்சு வச்சுட்டேன். வெறும் டிஸ்க்கத் தூண்டில்ல மாட்டிப் போட்டேன். நீங்க கடிச்சிட்டீங்க."

கொல்லப் போகிறார் என்றே நினைத்தோம். பூமிநாதன் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"உன்ன அனுப்பிட்டா இந்தப் பயலுக எல்லாத்தையும் அழிச்சுருவாய்ங்கெ," என்றார். அந்தப் பயல்களில் தன்னையும் சேர்த்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை. "பூட்டப் போடு. மொதல்ல என் ஓட்டைக்குப் போடு. என் கை சும்மா இருக்காது."

ஹாஜா வாசலுக்குப் போய், அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் ஏஜெண்டுக்குப் போன் போட்டான்.

"அந்த விசாவ வேற யாருக்காச்சும் குடுத்துருங்க காக்கா. நான் வரல," என்றான். எங்களை அத்தனை ஆட்டம் ஆட்டியவன், சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தான்.